குட்டதய்யா சன்னிதியில் ணகரம்

ஹொன்னகெரெ அரசுக் கல்லூரியில் கன்னடம் நடத்திக்கொண்டிருந்த சர்வமங்களா, ஒரே ஒரு சொல்லைத் துரத்திக்கொண்டு போய் முனைவர் பட்டம் வாங்கியவள். அந்தச் சொல் 'ஆணெ'. சத்தியம் என்று பொருள். ஊரில் பால்காரன் முதல் நகராட்சித் தலைவர் வரை எல்லோரும் பல் துலக்குவதற்கு முன்பே ஒருமுறை சொல்லிவிடுகிற சொல்தான் அது. தேவராணெ, பாலில் தண்ணீர் கலக்கவில்லை. அம்மன் ஆணெ, உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வந்திருந்தேன், நீங்கள்தான் கவனிக்கவில்லை. என் பிள்ளைகள் மேல் ஆணெ, அடுத்த வாரம் சாலை போட்டுவிடுவோம். இவ்வளவு தாராளமாகப் புழங்குகிற சரக்கு எந்த ஊரிலிருந்து இறக்குமதி ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. சர்வமங்களா கேட்டாள். கல்வெட்டு கல்வெட்டாக அலைந்து, வெயிலில் கறுத்து, விடையும் கண்டுபிடித்தாள். அந்த விடையைத்தான் யாரும் கேட்கவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்த அவள் கணவன் சிவானந்தன், தடித்த அட்டை போட்ட அந்த ஆராய்ச்சியைக் குளிர்பதனப் பெட்டியின் தலையில் வைத்து, அதன்மேல் ஸ்டெபிலைசரை உட்கார்த்தியிருந்தான். சமமாக நிற்கிறது என்று அவனுக்கு ஒரு திருப்தி.

இப்படி இருக்கையில்தான் ஏரி விவகாரம் வெடித்தது.

தசரா விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தால், பெரிய ஏரியின் வடகரையில் தண்ணீர் இருந்த இடத்தில் செம்மண் இருந்தது. செம்மண்ணில் எல்லைக் கற்கள் இருந்தன. எல்லைக் கற்களுக்கு நடுவே 'பைரவ நகர்' என்று பலகையும் இருந்தது. நகராட்சித் தலைவர் கொட்ரப்பா, இது முன்னாள் தலைவர் நாகபூஷணத்தின் வேலை என்றார். நாகபூஷணம், மண் அடித்த லாரிகள் யாருடையவை என்று ஊரே அறியும் என்றார். ஊர் அறிந்ததுதான். லாரி கொட்ரப்பாவுடையது, பட்டா மாற்றியது நாகபூஷணத்தின் ஆள், இருவருடைய மகன்களும் கூட்டாளிகள். பஸ் நிலையத்துச் சுமைதூக்கிக்குக்கூட இது தெரியும். ஆனால் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்தல் என்றால் இரண்டு கட்சி வேண்டும், இரண்டு கட்சி என்றால் சண்டை வேண்டும். ஆகவே சண்டை போட்டார்கள்.

பத்திரிகையில் தொடங்கி, மேடையில் வளர்ந்து, கடைசியில் உள்ளூர் கேபிள் சேனலில் வந்து முட்டியது. தைரியம் இருந்தால் குட்டதய்யா சன்னிதியில் வந்து ஆணெ-பிரமாணம் செய்யட்டும் என்று நாகபூஷணம் அறைகூவினார். குட்டதய்யா என்பவர் ஊருக்கு வெளியே குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிற பைரவர். பொய்ச் சத்தியம் செய்தவன் படி இறங்குவதற்குள் ரத்தம் கக்கிச் சாவான் என்று பேர்.

அந்தப் பக்கத்தில் இது வழக்கமாக நடக்கிற அறைகூவல்தான். வழக்கம் என்னவென்றால், ஒருவர் திங்கட்கிழமை போய்த் தேங்காய் உடைத்துவிட்டு 'நான் வந்தேன், அவன் வரவில்லை' என்பார். மற்றவர் வெள்ளிக்கிழமை போய் அதையே சொல்வார். தெய்வத்துக்கும் இரண்டு தேங்காய் சேரும். இந்தமுறை விதி வேறு மாதிரி விளையாடியது. இருவரும் ஒரே நேரத்தில் நேரலையில் இருந்தார்கள். சேனல்காரன் எந்த நாள் என்று கேட்க, ஒருவரை ஒருவர் முந்துகிற வேகத்தில் இருவரும் ஒரே திங்கட்கிழமையைச் சொல்லித் தொலைத்தார்கள்.

மறுநாள் கல்லூரி வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கொட்ரப்பாவின் வலது கையான பக்கீரப்பா இறங்கி, இங்கே ஆணெக்கு டாக்டர் ஒருவர் இருக்கிறாராமே என்று விசாரித்தான். யாருக்கு உடம்பு சரியில்லை என்று சர்வமங்களா பதறிவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அந்தப் பதற்றம் வேறு ஒன்றாக மாறியது. வீட்டுக்குப் போய் விசேஷத்துக்கென்று வைத்திருந்த இளகல் நெசவுச் சேலையைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

கொட்ரப்பாவின் வீட்டுக் கூடத்தில், காபி ஆறி ஆடை படியும் வரை பேசினாள். ஆணெ என்பதற்கு முதலில் உண்மை என்ற பொருளே கிடையாது என்று ஆரம்பித்தாள். அது வடமொழி ஆக்ஞையின் பேத்தி. ஆக்ஞை என்றால் கட்டளை. அது பிராகிருதத்தில் நைந்து ஆணா ஆகி, கன்னடத்துக்கு வந்து ஆணெ ஆனது. கல்வெட்டில் ஆணெ என்றால் அரசனின் ஏவல். அநியாயம் செய்தவனின் எதிரே போய் நின்று 'அரசன் ஆணெ, நகராதே' என்று சொன்னால் அவன் நகரக்கூடாது. நகர்ந்தால் அரசனை மிதித்த குற்றம். பிறகு அரசன் இருந்த இடத்தில் சாமி வந்தார். சத்தியம் என்ற அர்த்தம் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது.

கொட்ரப்பா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "அப்போ இதைப் போடறவன் வாக்கு குடுக்கறவன் இல்ல. உத்தரவு போடறவன்."

"வேர்ச்சொல் அளவுல அப்படித்தான், ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் காலேஜ்ல வச்சுக்கங்க மேடமவ்ரே. எனக்கு வேர் போதும்."

ஐந்து வருஷமாகப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் உத்தரவு போட்டுப் பழகியவர் அவர். குட்டதய்யாவுக்கும் ஒன்று போடுவதில் அவருக்குச் சங்கடம் தெரியவில்லை. திங்கட்கிழமை குன்றுக்கு வந்து, இதே விளக்கத்தைச் சுருக்கமாக மைக்கில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பதிலுக்கு அவளுடைய ஆராய்ச்சியை நகராட்சிச் செலவில் புத்தகமாகப் போட்டு, அமைச்சரை அழைத்து வெளியிடுவதாகவும் சொன்னார். முடியாது என்று சொல்ல வேண்டும் என்பது சர்வமங்களாவுக்குத் தெரியும். ஜீப்பில் திரும்பி வரும்போது அட்டைக்கு மெரூன் நிறம் எடுப்பாக இருக்குமா, கரும்பச்சையா என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

செய்தி பரவாமல் இருக்குமா? மறுநாள் நாகபூஷணமே ஒரு கூடை திராட்சையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஆணெயைக் கொட்ரப்பா எடுத்துக்கொண்டார் என்பதை அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். ஆணெ-பிரமாணம் என்று ஜோடியாகத்தானே சொல்கிறோம். அந்த இரண்டாவது பாதி, பிரமாணம், அதில் தனக்கு ஏதாவது தேறுமா என்று கேட்டார்.

இரண்டும் ஒன்றுதான், போங்கள் என்று சர்வமங்களா சொல்லியிருக்கலாம். ஆனால் தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் இல்லை என்று எந்தப் புலவர் சொல்வார்? பிரமாணம் என்றால் ஆதாரம், ஒன்றை அறிகிற வழி என்றாள். அதற்கும் அடியில், அளவு என்று பொருள் என்றாள். ரசத்துக்கு உப்பு எவ்வளவு பிரமாணத்தில் போடுவது என்று நாம் கேட்பதில்லையா?

நாகபூஷணம் அளவு என்ற இடத்திலேயே இறங்கிக்கொண்டார். "அப்போ உண்மையை ஓர் அளவோட சொன்னா, அதுக்குப் பேரு பிரமாணம்."

அவர் வேடிக்கை பேசுகிறார் என்று எண்ணிச் சர்வமங்களா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நவம்பரில், மாநிலம் பிறந்த நாளுக்குக் கொடுக்கிற தாலுகா ராஜ்யோத்சவ விருதுக்கு அவள் பெயரைச் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சிவானந்தன் திராட்சையை உருவித் தின்றுகொண்டே சொன்னான்: "ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஓட்டை போட்டுக் குடுத்துட்டே. அடுத்து சாமியே வந்து நின்னா அவருக்கு என்ன குடுப்பே?"

சாமி வரவில்லை. சாமியின் பூசாரி வீரய்யா வந்தார். அவருடைய கவலை மற்ற இருவருடையதை விட நியாயமானது. சில வருஷங்களுக்கு முன்பு, அண்ணன் வயலை அபகரித்த ஒருவன் குட்டதய்யா முன்னால் கூசாமல் பொய்ச் சத்தியம் செய்திருந்தான். படி இறங்குகையில் ரத்தம் கக்குவான் என்று ஊரே கீழே காத்திருந்தது. அவன் இறங்கி வந்து மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கித் தின்றான். இன்றைக்கும் சொந்தப் பல்லால்தான் தின்கிறான். அதிலிருந்து கோயிலுக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. மாடு திருடுகிறவன்கூட வேறு தெய்வத்தைத் தேடிப் போகிறான். இப்போது இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே நாளில் வந்து பொய் சொல்லி, இரண்டு பேரும் கொழுகொழு என்று இருந்துவிட்டால் குட்டதய்யா கடையைக் கட்ட வேண்டியதுதான்.

"கல்வெட்டுல எல்லாம் சத்தியம் பண்றப்ப சாமிக்குத் திரை போட்டிருந்ததா, திறந்திருந்ததாம்மா?"

கல்வெட்டில் திரையைப் பற்றி ஒன்றும் இல்லை என்றாள் சர்வமங்களா.

"ஒண்ணும் இல்லேன்னா, போடக்கூடாதுன்னும் இல்லதானே?"

இல்லைதான் என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வீரய்யா நிம்மதியாக எழுந்து போனார்.

திங்கட்கிழமை குன்று முழுக்கத் தலைகள். பஜ்ஜி வண்டிகள் அடிவாரத்திலிருந்து பாதி மலை வரை ஏறிவிட்டன. கல்லூரி முதல்வர் ஹாலேஷ் காலையில் விடுமுறை விட்டு, தானும் வந்து நிழலான இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். கருவறையில் சிவப்புத் திரை விழுந்திருந்தது. குட்டதய்யா திருமஞ்சனத்தில் இருக்கிறார், அவர் பாட்டுக்குக் குளிக்கட்டும், நீங்கள் பாட்டுக்குச் செய்யுங்கள் என்று வீரய்யா அறிவித்தார். குளிக்கிறவருக்குக் காது கேட்காதா பூசாரி என்று கூட்டத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. பூசாரிக்குக் காது கேட்கவில்லை.

சர்வமங்களா மைக்கைப் பிடித்தாள். வாழ்நாளில் அவள் பார்த்த மிகப் பெரிய வகுப்பு அதுதான். ஆக்ஞை, ஆணா, ஆணெ என்று வரிசையாக வந்து, அரசன் ஏவலைத் தொடுவதற்குள் சேனல்காரன் கையைக் காட்டி முடிக்கச் சொல்லிவிட்டான். கல்வெட்டுக்குப் போகாமலே முடித்தாள். மைக்கைக் கீழே வைக்க இடம் இல்லாததால் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

கொட்ரப்பா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைச் சால்வை. வலது கையைச் சூடத்தட்டின் மேல் நீட்டி, இடது கையால் மீசையை ஒதுக்கி, பக்கீரப்பா நீட்டிய மைக்கில் கணீரென்று ஆரம்பித்தார்.

"குட்டதய்யன ஆனெ..."

கொட்ரப்பாவின் வீட்டில் மூன்று தலைமுறையாக யாருக்கும் ணகரம் வராது. ஹொன்னகெரெயில் பாதிப் பேருக்கு வராது. சந்தையில், சாவடியில், சட்டமன்றத்தில்கூட அதை யாரும் பொருட்படுத்துவது இல்லை. அவர் வாயில் ஆணெ எப்போதும் ஆனெயாகத்தான் வரும். ஆனெ என்றால் யானை. கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் பக்கத்தில் நின்றது, இத்தனை வருஷமாக முதலாண்டு மாணவர்களின் ணகரத்தைத் திருத்தித் திருத்தி, வீட்டில் கணவனையும் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரையும் திருத்திக்கொண்டிருந்த வாய். அது அவளைக் கேட்டுக்கொண்டு திறக்கவில்லை.

"ஆணெ," என்றாள் சர்வமங்களா. "ஆனெ இல்ல. நாக்கை மடிச்சு மேலே வைங்க."

கையிலிருந்த மைக் உயிரோடு இருந்தது. 'நாக்கை மடிச்சு' என்ற குரல் குன்றின் எதிர்ப்புறத்துப் பாறையில் மோதித் திரும்பி வந்தது.

கொட்ரப்பா அவளைப் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பழைய பயம் எங்கிருந்தோ எழும்பி வந்ததோ என்னவோ, அவர் கீழ்ப்படிந்தார். மறுபடி சொன்னார். மறுபடியும் யானைதான் வந்தது. அவளும் பழக்கம் மாறாமல், பொறுமையாக, "ஆ... ணெ" என்று பிரித்துச் சொல்லிக் காட்டினாள். மூன்றாம் முறை நாக்கு மடிந்தது, ஆனால் சொல் வெளியே வரவில்லை; காற்று மட்டும் வந்தது.

"விடுங்க மேடம்," என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். "யானை மேலயே சத்தியம் பண்ணட்டும். செத்தா யானைதானே சாகும், அவருக்கென்ன?"

அதற்குப் பிறகு குன்றைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. மாணவர்கள் 'நாக்கை மடி, நாக்கை மடி' என்று தாளம் போட்டார்கள். போலீஸ்காரர்கள் சிரிப்பை அடக்கத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். உண்மை சொல்ல வந்தேன், பரீட்சை எழுத வரவில்லை என்று கொட்ரப்பா சூடத்தட்டைத் தள்ளிவிட்டு, சால்வை தரையில் புரள, படியை நோக்கி நடந்தார்.

நாகபூஷணம் முகமெல்லாம் மலர்ச்சியாக முன்னால் வந்தார். தன்னுடைய பிரமாணத்தில் ணகரம் இருந்தாலும் தனக்கு அது நன்றாகவே வரும் என்ற தெம்பு அவருக்கு. ஆனால் கூட்டம் இப்போது சத்தியம் பார்க்க வந்த கூட்டமாக இல்லை, விடைத்தாள் திருத்த வந்த கூட்டமாகிவிட்டது. பிரமாணம் வேண்டாம், ஆணெ போடுங்கள் என்றார்கள். குளித்தது போதும், திரையை எடுங்கள் என்றார்கள். வீரய்யா தடுப்பதற்குள் யாரோ ஒரு கிழவர் கையை நீட்டித் திரையை இழுத்தே விட்டார். குட்டதய்யா உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாமல், முழு அலங்காரத்தில், வெள்ளிக் கண்களை அகல விரித்து உட்கார்ந்திருந்தார்.

நாகபூஷணம் அந்தக் கண்களைப் பார்த்தார். ஹூப்ளியில் ஒரு பங்காளி வீட்டில் குழந்தை பிறந்திருப்பது அவருக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. எங்களுக்குப் பிறப்புத் தீட்டு இருக்கிறது, சன்னிதியில் நிற்பதே தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்று மாலையே சர்வமங்களா அந்தத் தாலுகாவின் வீராங்கனை ஆகிவிட்டாள். சேனல்காரன் 'நாக்கை மடிச்சு' என்பதைத் திரும்பத் திரும்பப் போட்டான். பூக்காரி காசு வாங்காமல் மல்லிகை கொடுத்தாள். ஆட்டோக்காரன் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டு, கும்பிட்டுவிட்டுப் போனான். மாணவர்கள் அவள் படத்தை அட்டையில் ஒட்டிக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்தார்கள். அதிகாரத்தின் முகத்துக்கு நேரே நின்று பொய்யைத் தடுத்தவள் என்று அதில் எழுதியிருந்தது.

ஆரம்பத்தில் அவள் மறுத்தாள். நான் உச்சரிப்பைத்தான் திருத்தினேன், வேறு ஒன்றும் என் மனதில் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். என்ன அடக்கம் பாருங்கள் என்றார்கள். மறுபடி மறுத்தால் இன்னும் பெரிய அடக்கம் ஆயிற்று. மூன்றாம் வாரம் மறுப்பதை விட்டுவிட்டாள். நான்காம் வாரம், அந்தக் கணத்தில் உள்ளுக்குள் ஏதோ ஒன்று பொங்கியிருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வாய் ஏன் தானாகத் திறக்கிறது என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. கண்ணாடி முன் தலை வாரும்போது கழுத்து சற்று நிமிர்ந்தது. சிவானந்தன் ஸ்டெபிலைசரைக் கீழே இறக்கி, ஆராய்ச்சியைத் துடைத்து அலமாரியில் வைத்தான்.

அப்போதுதான் கல்வித் துறையிலிருந்து ஓலை வந்தது. அரசு ஊழியர் அரசியலில் தலையிட்டார், சன்னிதியில் சடங்கைக் கெடுத்து பக்தர்களின் மனதைப் புண்படுத்தினார் என்று புகார். புகாரில் கொட்ரப்பாவும் நாகபூஷணமும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஊரறிய அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அது.

முதல்வர் ஹாலேஷ் கதவைச் சாத்திக்கொண்டு அன்பாகப் பேசினார். வேலைக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. எந்த அரசியல் நோக்கமும் எனக்கு இருக்கவில்லை, பழக்க தோஷத்தால் உச்சரிப்பை மட்டுமே திருத்தினேன் என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டால் பணி இடைநீக்கம். அதில் பொய் ஒன்றும் இல்லையே மேடம் என்றார்.

இல்லைதான். முழுக்க முழுக்க உண்மை. ஹொன்னகெரெயில் யாரையும் யாரும் இவ்வளவு உண்மையான ஒரு வாக்கியத்துக்குச் சத்தியம் செய்யச் சொன்னதில்லை. சர்வமங்களா வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து அழுதாள்.

"உண்மையைத்தானே எழுதச் சொல்றாங்க," என்றான் சிவானந்தன். "அதுக்கு எதுக்கு அழறே?"

"அதுக்குத்தாங்க அழறேன்."

அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கே பாதிதான் புரிந்தது. மறுநாள் மாணவர்கள் கூட்டமாக வீட்டுக்கு வந்தார்கள். கையெழுத்துப் போடாதீர்கள், வேலை போனால் போகட்டும், நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். வேலை போனால் இவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். தேர்வு முடிந்ததும் ஊர் ஊராகக் கலைந்து போவார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது இறுதியாண்டுப் பெண் ஒருத்தி பின்தங்கி நின்றாள். "வேணும்னுதானே திருத்தினீங்க மேடம்? தெரிஞ்சுதானே?" அந்தப் பெண்ணுக்கு ணகரம் அழகாக வரும். சர்வமங்களா அவள் தோளைத் தட்டி, லேட்டாகிறது, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, நீதிமன்ற வாசலில் வேப்ப மரத்தடியில் மேஜை போட்டிருந்த நோட்டரியிடம் போனாள். தட்டச்சு செய்த தாளை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். திருத்த ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டாள். முத்திரைக் கட்டையை மையில் ஒற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், எல்லாம் உண்மைதானே என்று நோட்டரி கேட்டார். உண்மை என்றாள்.

"இங்க வர்றவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க," என்று முத்திரையைக் குத்தினார்.

அந்தப் பத்திரத்தை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. பாவம், மேடத்தை மிரட்டிப் பொய் எழுதி வாங்கிவிட்டார்கள் என்றார்கள் நல்லவர்கள். பைரவ நகரில் மூலைச் சைட்டு ஒன்று கைமாறியிருக்கும் என்றார்கள் மற்றவர்கள். பூக்காரி மறுபடி காசு வாங்கினாள், கூடவே ஒரு பார்வையும் கொடுத்தாள். ஏரிக்கரையில் அட்டையிலிருந்த படத்தை மாணவர்கள் கிழித்துவிட்டார்கள். ஒருவன் அதை மடித்துப் பொரி தின்றதாகக் கேள்வி. உட்கார்ந்திருந்தவர்களும் தேர்வு அட்டவணை வந்ததும் எழுந்து போனார்கள்.

வீரய்யா மட்டும் தட்டு நிறையப் பழத்தோடு வந்தார். கோயிலில் மறுபடி கூட்டம் தாங்கவில்லையாம். பொய் சொல்ல வந்தவனின் நாக்கையே குட்டதய்யா கட்டிவிட்டார், இன்னொருவனைத் தீட்டு என்று ஓடவைத்தார் என்று மூன்று ஜில்லாவுக்குப் பேர் பரவிவிட்டது. உங்கள் வாய் வழியாகப் பேசியது அவர்தானம்மா என்றார். சர்வமங்களாவின் புகழில் மிச்சம் இருந்ததையும் அப்படிச் சாமி எடுத்துக்கொண்டார்.

தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஊர் நலனுக்காகப் பழைய கசப்பை மறந்து கொட்ரப்பா தலைவராகவும் நாகபூஷணம் துணைத் தலைவராகவும் ஆனார்கள். பைரவ நகரில் முதல் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்தது. சிவானந்தன்தான் மின் இணைப்புக் கொடுத்தான். அது அவன் வேலை.

பக்கீரப்பாவின் மகள் கல்யாணத்தில், பந்தியில் சர்வமங்களாவின் பக்கத்து இலையில் கொட்ரப்பா வந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை. ஹோளிகைப் போளியின் மேல் நெய்யை அவரே கேட்டு அவளுக்கு ஊற்றச் சொன்னார். பிறகு காதோரமாகக் குனிந்தார்.

"பத்திரத்தைப் பார்த்தேன் மேடமவ்ரே. எங்களுக்கெல்லாம் இந்தப் பக்குவம் வராது. எவ்வளவு சுத்தமான பொய்."

"அது பொய் இல்ல. உண்மை."

"அதான், அதான்," என்று அவர் மெச்சித் தலையாட்டினார். "கடைசி வரைக்கும் அப்படியே சொல்லுங்க."

பத்திரம் கொடுத்தும் ஜூன் மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. நிர்வாகக் காரணம் என்று போட்டிருந்தது. ரயிலில் ஓர் இரவும், பஸ்ஸில் பாதிப் பகலுமாகப் போகிற தூரத்தில், புழுதி பறக்கும் ஓர் ஊர்க் கல்லூரி. வேலையில் சேர்ந்த அன்று ஆசிரியர் அறையில் அவளுக்கு வரவேற்பு வைத்தார்கள். கேசரிபாத், காராபாத் என்கிற கார உப்புமா, காபி. அந்த ஊர் முதல்வர் எழுந்து, கொட்ரப்பா என்ற பெயரை மட்டும் விட்டுவிட்டு, குன்றில் நடந்ததையெல்லாம் தான் நேரில் பார்த்ததைப் போலச் சொன்னார். அவர் சொன்ன கதையில் சர்வமங்களா முன்கூட்டியே திட்டம் போட்டு, மைக்கை ஒளித்துவைத்துக்கொண்டு, சரியான கணத்துக்காகக் காத்திருந்தாள். அவளைக் கட்டாயப்படுத்திப் பொய்ப் பத்திரம் எழுதி வாங்கிய கட்டத்தைச் சொல்லும்போது முதல்வரின் குரல் தழுதழுத்தது.

பேச எழுந்தாள். அப்படி இல்லை, நான் வெறும் உச்சரிப்பைத்தான் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தாள். எதிரே புது முகங்கள், எல்லாம் ஆவலாக. கடைசி நாற்காலியில் ஓர் இளம் விரிவுரையாளர், அப்படித்தானே நடந்தது மேடம் என்று கேட்டார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு, விடுங்க," என்றாள் சர்வமங்களா, ஆமாம் என்று கேட்கும்படியான குரலில்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் உட்கார்ந்து காராபாத்தை அருகே இழுத்துக்கொண்டாள். நன்றாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.